ஜொகூரின் கதை – 4: எலும்பைக் கரைத்த மண்

பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கைப் போலவோ கிளந்தானின் நெங்கிரி ஆற்றங்கரையைப் போலவோ பேர்பெற்ற தொல்பழங்காலப் புதையிடம் எதுவும் ஜொகூரில் இல்லை. அக்காலத்தில் இங்கே ஆட்கள் வாழவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைத்த ஆற்றுவழியின் ஒரு முனை ஜொகூரில்தான் கடலைச் சேர்ந்தது. ஆறு இருந்த இடத்தில் ஆளும் இருந்தான், சாவும் இருந்தது. செத்தவர்களின் எலும்பைத்தான் மண் விட்டுவைக்கவில்லை.

மூவாரிலிருந்து பொந்தியான் வரை மேற்குக் கரையோரம் முழுவதும் கடற்களிமண்ணும் கரிச்சேறும். உள்நாட்டிலோ கருங்கல் சிதைந்து உண்டான செம்மண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை இந்த மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது புளித்த மண். எலும்பின் உடம்பே சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் கலந்தது. அமில மண்ணில் சில நூறு ஆண்டுகளுக்குள் அது தடம் தெரியாமல் போகும். சுண்ணாம்புக் குகைகளில் கதை வேறு. அங்கே கூரையிலிருந்து சொட்டும் நீரே சுண்ணாம்பைக் கொண்டுவந்து எலும்பைக் காக்கிறது. பேராக், கிளந்தான், கெடா ஆகிய மாநிலங்களில் அத்தகைய குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஜொகூரில் அப்படிப்பட்ட குன்றுத்தொடர் கிடையாது.

ஆகவே அக்காலச் சாவுச் சடங்குகளின் எச்சமாக இங்கே தேறக்கூடியவை கல், சுடுமண், கண்ணாடி, வெண்கலம் ஆகியவைதான். அவ்வகையில் ஜொகூர் கொடுத்த பொருட்களில் இரண்டு முக்கியமானவை: மூவார் வட்டாரத்துக் கம்போங் பெஞ்சுவில் வெளிப்பட்ட வெண்கல மணி ஒன்று, ஜொகூர் ஆற்றங்கரையில் கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் லாமா வரை பொறுக்கப்பட்ட பாசிமணிகள். இரண்டையும் தனியாக வைத்துப் பார்த்தால் அவை காட்சிப்பொருட்கள் மட்டுமே. இத்தகைய பொருட்கள் இறந்தவரோடு சேர்ந்தே கிடைத்த வடக்கத்திப் புதையிடங்களைத் தெரிந்துகொண்ட பிறகே அவை பேசத் தொடங்கும்.

வடக்கில் மிகப் பழைய சவக்குழிகளுள் ஒன்று லெங்கோங்கின் குனோங் ருந்துவ் குகையில் உள்ளது. 1991இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜிட் குழுவினர் அங்கே ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடு ஒன்றைத் தோண்டி எடுத்தனர். ‘பேராக் மனிதன்’ என்று பெயர் பெற்ற அவன் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவன். உயரம் 157 சென்டிமீட்டர். இறக்கும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிறவிக் குறையால் அவனுடைய இடது கை விரல் எலும்புகள் சிறுத்திருந்தன, முதுகும் வளைந்திருந்தது. வேட்டையாடி வாழ்ந்த கூட்டத்தில் இப்படிப்பட்டவன் நாற்பது வயதைக் கடந்தான் என்றால் பக்கத்தில் இருந்தவர்கள் அவனுக்குச் சோறிட்டிருக்க வேண்டும். காலை மடக்கிப் படுக்கவைத்து, கற்கருவிகளையும் இறைச்சித் துண்டுகளையும் ஆற்று நத்தைகளையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். உடலில் குறையோடு வாழ்ந்தவனுக்கு இத்தனை சீர் செய்து அனுப்பியது, அவன் அந்தக் கூட்டத்தில் மதிப்போடு இருந்ததையே காட்டுகிறது.

குகை இல்லாத இடத்தில் எலும்பு தப்பிய அரிய சான்று பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் குவார் கெப்பா. அங்கே சிப்பி தின்று எறிந்த ஓடுகள் மேடுகளாகக் குவிந்திருந்தன. குகைக் கூரை செய்த வேலையை இங்கே சிப்பி ஓட்டின் சுண்ணாம்பு செய்தது. 1934இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டெய்ன் கல்லன்ஃபெல்ஸ் அகழ்ந்தபோது செங்காவி பூசிய எலும்புகள் கிடைத்தன. அவை நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. 2017இல் அதே இடத்தில் மேலும் ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. ‘பினாங்குப் பெண்’ என்று அழைக்கப்படும் அதன் வயது ஏறத்தாழ 5,700 ஆண்டு. கடலோரம் வாழ்ந்து சிப்பி தின்ற மக்கள் ஜொகூர்க் கரையில் மட்டும் இல்லாமல் போயிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

ஒரே இடத்தில் இரண்டு காலத்துச் சவக்குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது கிளந்தானின் குவா சாவில். நெங்கிரி ஆற்றங்கரையில் மலைச்சரிவு குடைபோல் கவிந்து நிற்கும் இந்தப் பாறைத்தங்கலை 1935இல் எச். டி. நூன் தோண்டிப் பார்த்தார். தெமியார் மக்களோடு நெருங்கிப் பழகிய மானிடவியலாளர் அவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் காட்டுக்குள்ளேயே மறைந்தார். பெரிய அகழாய்வு 1954இல், மலாயா அவசரகாலத்தின் நடுவில், கேல் சீவ்கிங் தலைமையில் நடந்தது. 1979இல் அடி ஹாஜி தாஹா மறுபடியும் குழி வெட்டி, முன்னவர்கள் விட்டுச்சென்ற அடுக்குகளைக் காலக்கணக்கோடு சரிபார்த்தார்.

அடியிலுள்ள அடுக்குகள் ஒன்பதாயிரம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகின்றன. வியட்நாமின் ஒரு மாநிலப் பெயரால் ஹோவாபின்ஹியன் என்று அழைக்கப்படும் பண்பாடு இது. ஆற்றுக் கூழாங்கல்லைத் தட்டிச் செதுக்கிய கருவிகளும் காட்டுப்பன்றி எலும்புகளும் நிறைந்திருந்தன. பன்றிகளில் பல இளங்குட்டிகள். இறந்தவர்களைக் கைகால் மடக்கிச் சுருட்டிப் புதைத்தார்கள். உடன் வைத்த பொருள் மிகக் குறைவு. உடைமை என்று சொல்ல அவர்களிடம் அதிகம் இல்லை என்பது ஒரு விளக்கம். இருந்ததை உயிரோடிருப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள் என்பதும் நடக்கக்கூடியதே.

ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு காட்சி மாறுகிறது. அதே பாறைக்கு அடியில் உடலை நீட்டிக் கிடத்தத் தொடங்குகிறார்கள். சுற்றிலும் கயிற்றுத்தடம் பதித்த மட்பாண்டங்கள், பளபளக்கத் தீட்டிய கற்கோடரிகள், கல்லைக் குடைந்து தேய்த்த வளையல்கள், சிப்பி மணி மாலைகள். கல்வளையல் ஒன்றைச் செய்வது சாதாரண வேலையில்லை. தட்டைக் கல்லின் நடுவை மணலும் நீரும் விட்டு அரைத்து வட்டமாக வெட்டியெடுக்க வேண்டும்; கடைசிக் கட்டத்தில் கைதவறினால் அவ்வளவு உழைப்பும் போனது போனதுதான். அப்படிப்பட்ட பொருளைப் பிணத்தின் கையில் விட்டுவிட்டு வந்தவர்கள், இறந்தவருக்கு அது இன்னும் தேவைப்படும் என்று நம்பியிருக்க வேண்டும். அல்லது ஊரார் முன்னிலையில் குடும்பத்தின் தகுதியைக் காட்ட நினைத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடப்பதை இன்றைய சாவு வீடுகளிலும் பார்க்கலாம்.

முன்னவர் போய்ப் பின்னவர் வந்தார்களா, அல்லது முன்னவரே பழக்கத்தை மாற்றிக்கொண்டார்களா என்பது நீண்ட காலம் நடந்த விவாதம். 2018இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்த மரபணு ஆய்வு இதில் ஒரு பகுதிக்கு விடை தந்தது. குவா சாவில் புதைக்கப்பட்ட, சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முந்திய ஹோவாபின்ஹியன் ஒருவரின் மரபணு, அந்தமானின் ஓங்கே மக்களுக்கும் வடமலேசியாவின் ஜஹாய் பூர்வகுடியினருக்கும் நெருக்கமாக இருந்தது. வேளாண்மையைக் கொண்டுவந்தவர்கள் வடக்கிலிருந்து இறங்கியவர்கள். ஆனால் முன்னவர்கள் அழிந்துவிடவில்லை, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இதே காடுகளில் இருக்கிறார்கள். நெங்கிரி நீர்மின் திட்டத்துக்காக அண்மையில் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த மீட்பு அகழாய்வுகளில் மேலும் பதினாறு எலும்புக்கூடுகள் கிடைத்தன. அணைநீர் ஏறும்போது பள்ளத்தாக்கின் பெரும்பகுதி அடியில் போய்விடும்.

இரும்புக் காலத்துக்கு வந்தால் புதையிடம் குகையைவிட்டு வெளியே வருகிறது. தென்பேராக்கில் பெர்னாம் ஆற்றுப் பகுதியிலும் சுங்காய், சிலிம் வட்டாரங்களிலும் கருங்கல் பலகைகளை நிறுத்திப் பெட்டிபோல் அமைத்த கல்லறைகள் உண்டு. தமிழ்நாட்டுத் தொல்லியலில் கற்பதுக்கை என்று சொல்லப்படும் அமைப்பின் சாயல் இது. 1920களில் தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் இவற்றை ஆராய்ந்தார். எலும்பு கரைந்துபோயிருந்தது; இரும்புக் கருவிகளும் சூதுபவளம், கண்ணாடி மணிகளும் மட்கலத் துண்டுகளும் இருந்தன. கல்லறையின் வடிவத்தை மட்டும் வைத்துத் தமிழகத்தோடு முடிச்சுப் போடும் ஆசை எளிதில் வரும். சுமத்ராவின் பசெமா மேட்டுநிலத்திலும் கற்பலகைக் கல்லறைகள் உண்டு என்பதை நினைவில் வைத்தால் அந்த ஆசை அடங்கும். பலகைக்கல் கிடைக்கும் இடத்தில் கல்பெட்டி கட்டுவது எந்த மக்களுக்கும் தோன்றக்கூடியதே.

இந்தக் காலத்து இரும்புக் கருவிகளுக்கு மலாய்க் கிராமங்களில் ‘துலாங் மாவாஸ்’, அதாவது மாவாஸின் எலும்பு என்று பெயர். நீண்ட காம்பும் குழாய்போன்ற பிடிதுளையும் கொண்ட அந்த விநோத வடிவத்தைக் கண்டவர்கள், முன்கை இரும்பாக அமைந்த ஒரு காட்டு உயிரின் எலும்பு என்று நம்பினார்கள். ஜொகூர்க் காடுகளில் இன்றும் பேசப்படும் ‘ஓராங் மாவாஸ்’ என்ற ரோமமனிதன் கதையிலும் அதே பெயர்தான். காட்டில் அவனைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. அவனுடையதாகச் சொல்லப்பட்ட எலும்போ அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

ஜொகூர் மேற்குக்கரைக்கு நிலத்தின் தன்மையில் மிக நெருங்கிய புதையிடம் சிலாங்கூரின் கம்போங் சுங்கை லாங். பந்திங் அருகே, கரையோரத் தாழ்நிலத்தில், 1964இல் இரண்டு பெரிய வெண்கல முரசுகள் வெளிப்பட்டன. பின்பு பி. ஏ. வி. பீக்காக் முறையாக அகழ்ந்தபோது ஏற்பாடு தெளிவானது. களிமண் மேட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகை, அதன்மேல் முரசுகள், கூடவே சிவப்புக் கண்ணாடி மணிகளும் மட்பாண்டமும். பலகை ஒரு படகின் பகுதி. அதன் கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளைக் காட்டியது. படகிலிட்டுப் புதைக்கும் வழக்கம் தென்கிழக்காசியக் கரைகளில் பரவலாக இருந்ததால், சுங்கை லாங்கையும் ஒரு தலைவரின் படகுப் புதைகுழி என்றே பலர் கொள்கிறார்கள். ஈரக் கரிச்சேறு மரத்தைக் காப்பாற்றி எலும்பை விழுங்கிவிடும். குகையில் நடப்பதற்கு நேரெதிர் இது.

முரசுகள் டோங் சோன் வகை. வட வியட்நாமின் செவ்வாற்றுப் பகுதியில் வார்க்கப்பட்டவை அல்லது அந்த மரபில் வார்க்கப்பட்டவை. மேல்தட்டின் நடுவில் நட்சத்திரம், அதைச் சுற்றி வட்டவட்டமாக அலங்காரம். பகாங்கின் தெம்பெலிங் ஆற்றிலும் கிள்ளானிலும் கோலா திரெங்கானுவிலும் இவ்வகை கிடைத்திருக்கிறது. இவ்வளவு எடையுள்ள வெண்கலம் இவ்வளவு தொலைவு வந்ததற்கு விலையாக எதையோ கொடுத்திருக்க வேண்டும். வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும்; வெள்ளீயம் இந்தத் தீபகற்பத்தின் ஆற்று மணலில் அள்ளக் கிடைத்தது. பகாங்கில் பொன்னும் உண்டு. ஆற்று முகத்துவாரத்தை ஆண்ட தலைவன் வெள்ளீயத்தையும் பொன்னையும் கடலுக்கு அனுப்பி, முரசை வாங்கி, வாழ்நாளில் முழக்கி, இறந்தபோது கூடவே கொண்டுபோனான். சான்றுகளோடு பொருந்தும் விளக்கம் இது.

மூவார் மணி இந்த வரிசையில்தான் உட்காருகிறது. முரசின் காலத்தையொட்டிய வெண்கலப் பெருமணிகள் கிள்ளானில் 1905இல் கிடைத்தன. அவற்றுள் ஒன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கம்போங் பெஞ்சுவில் கிடைத்தது அதே குடும்பம். கம்போடியாவின் பத்தம்பாங் பகுதியிலும் இவ்வகை மணி கிடைத்திருக்கிறது. மற்றபடி உலகில் இவை மிக அரிது. மேலே குறுகி, கீழே விரிந்து, பக்கவாட்டில் தட்டையான உடல். சுருள்கோடுகளும் பல்வரிசைக் கோடுகளும் நிறைந்த ஒப்பனை. கோயில் மணிபோல் உள்ளே நாக்கு தொங்கிய பொருளாக இவற்றைக் கற்பனை செய்வதைவிட, முரசைப் போலத் தலைமையின் அடையாளமாக எண்ணுவதே பொருத்தம்.

அது ஏன் மூவாரில்? நிலப்படத்தைப் பார்த்தால் விடை தெரியும். மூவார் ஆற்றில் மேல்நோக்கிச் சென்று, ஜெம்போல் கிளையில் ஏறி, சிறிது தூரம் படகை நிலத்தில் இழுத்தால் செர்த்திங் ஆற்றை அடையலாம். அங்கிருந்து பெரா வழியாகப் பகாங் ஆறும் கிழக்குக் கடலும். பெனாரிக்கான் என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்தக் குறுக்குவழி, தீபகற்பத்தைச் சுற்றாமல் ஒரு கடலிலிருந்து மறுகடலுக்குப் போக உதவியது. முரசு கிடைத்த தெம்பெலிங் பகாங் ஆற்றின் துணையாறு. மணி கிடைத்த மூவாரோ அந்த வழியின் மேற்கு வாசல். இரண்டும் ஒரே வழியின் இரு பக்கங்களில் கிடைத்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

கிழக்கே ஜொகூர் ஆற்றின் கதை இன்னும் சிக்கலானது. 1930களில் அங்கே பாசிமணிகளைத் தேடிச் சேர்த்தவர் ஜெரால்ட் கார்ட்னர், ஜொகூர் அரசுப் பணியிலிருந்த ஆங்கிலேயர். கிரிஸ் முதலான மலாய் ஆயுதங்களைப் பற்றி 1936இல் நூல் எழுதியவர். பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பி ‘விக்கா’ என்ற நவீன சூனியச் சமயத்தைத் தோற்றுவித்தவரும் இவரே. ஜொகூர் ஆற்று மணிகள் ரோமானியப் பேரரசோடு மலாயாவுக்கு இருந்த கடல்வழித் தொடர்பைக் காட்டுகின்றன என்று 1937இல் அவர் எழுதினார். அந்தச் செய்தி பலருக்கும் இனித்தது; பள்ளிப் பேச்சுகளில் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

மணிகள் உண்மை. அவற்றிலிருந்து எடுத்த முடிவு அவசரமானது. ஆற்றங்கரையில் பொறுக்கிய மணிக்கு அடுக்கு இல்லை, கூடக் கிடந்த பொருள் இல்லை. ஜொகூர் லாமா பதினாறாம் நூற்றாண்டில் சுல்தான்களின் தலைநகரம். 1587இல் போர்த்துகீசியர் அதைத் தகர்த்தார்கள். அந்த இடத்து மண்ணில் இரண்டாயிரம் ஆண்டு மணியும் நானூறு ஆண்டு மணியும் அக்கம்பக்கத்தில் கிடக்கலாம். வடிவத்தைக் கண்டு காலம் சொல்வதும் எளிதல்ல. அரிக்கமேட்டில் கி.மு. கடைசி நூற்றாண்டுகளிலேயே செய்யப்பட்ட, குழலாக இழுத்து நறுக்கிய சிறு கண்ணாடி மணிகளை, ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை ஏறக்குறைய அதே முறையில் செய்துவந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் மாறாத பொருள் தன் பிறந்தநாளைச் சொல்லாது.

மணிகள் எப்படிப்பட்ட ஊரில் புழங்கின என்பதற்கு நல்ல சான்று பேராக்கின் கோலா செலின்சிங். மாத்தாங் சதுப்புக்காட்டில், பூலாவ் கெலும்பாங் தீவில், நீர்மேல் கால்நட்டு வீடு கட்டி வாழ்ந்த ஊர் அது. எவன்ஸ் 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், நிக் ஹசன் ஷுஹைமி 1980களின் பிற்பகுதியிலும் அங்கே அகழ்ந்தார்கள். கி.மு. கடைசி நூற்றாண்டுகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அந்த ஊர் நிலைத்தது. சமைத்துத் தின்ற சிப்பிக் குவியலிலேயே இறந்தவர்களையும் புதைத்தார்கள், சிலரைக் குடைந்த மரத்தோணியில் வைத்து. கூடவே பானைகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள். முடிக்காமல் விட்ட மணிகளும் கண்ணாடிக் கழிவும் இருந்ததால் மணித்தொழிலும் அங்கேயே நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. இந்திய எழுத்தில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் வெட்டிய சூதுபவள முத்திரையும் அங்கே எவன்ஸ் கையில் சிக்கியது. வீடும் தொழிலும் சாவும் ஒரே சேற்றில். ஜொகூர் ஆற்றின் முகத்துவாரமும் இதே போன்ற சதுப்புக்காடுதான்.

கடலுக்கு அக்கரையில் இதற்கு இணையான இடம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல். நொய்யல் கரையில் 1985 முதல் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் நடத்திய அகழாய்வுகளில் மணி அறுத்த ஊரும் அதை ஒட்டிய ஈமக்காடும் சேர்ந்தே வெளிப்பட்டன. பலகைக்கல்லில் இடுதுளையிட்ட ஒரு கற்பதுக்கையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. அந்தக் கல் கொங்குநாட்டில் விளைவதல்ல. குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இந்தியக் கைவினை நுட்பம் கடல் கடந்தும் போனது. தாய்லாந்தின் சும்போன் பகுதியிலுள்ள காவ் சாம் கேவோவில் கி.மு. நான்காம் நூற்றாண்டளவிலேயே இந்திய முறையில் சூதுபவளம் தீட்டப்பட்டதைத் தொல்லியலாளர் பெரெனிஸ் பெல்லினா காட்டினார். கிராபி அருகே குவான் லூக் பாட்டில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் வெட்டிய பொற்கொல்லரின் உரைகல்லே கிடைத்திருக்கிறது. ஆகவே ஜொகூர் மணிகளில் சில தமிழகத்திலிருந்து வந்திருக்கலாம். சில தீபகற்பத்தின் வடக்கில் தமிழகக் கைமுறையில் செய்யப்பட்டிருக்கலாம். ரோமாபுரிவரை போகத் தேவையில்லை.

இன்றைய ஆய்வகங்கள் இதைப் பிரித்தறியும் வழியைத் தருகின்றன. லேசர் கதிரால் மணியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு சுரண்டி அதன் வேதிக் கலவையை அளக்கிறார்கள். தென்னிந்திய, இலங்கைக் கண்ணாடியில் பெரும்பாலும் சோடாவோடு அலுமினா மிகுந்திருக்கும். ரோமானியக் கண்ணாடியில் அலுமினா குறைவு. எகிப்து உப்பேரிகளின் நேட்ரான் சோடா அதன் அடையாளம். தென்கிழக்காசியாவில் பொட்டாஷ் கண்ணாடியும் புழங்கியது. அடுக்கிலிருந்து பிரிந்த மணிக்குக்கூட அதன் மூலப்பொருள் வந்த நாட்டை இப்படிச் சொல்லலாம். எவருடைய குழியில் கிடந்தது என்பதை மட்டும் இந்த முறையால் சொல்ல முடியாது.

அதற்குச் சுங்கை லாங் போன்ற ஒரு மேடு ஜொகூரில் கலையாமல் கிடைக்க வேண்டும். மூவார், பத்து பகாட், பொந்தியான் தாழ்நிலங்கள் சென்ற நூற்றாண்டில் கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டு ரப்பருக்கும் தென்னைக்கும், பின்பு செம்பனைக்கும் மாறின. நீர் வடிந்தால் கரிச்சேறு சுருங்கும், காற்றுப் புகும். அதுவரை சேற்றுக்குள் அழியாமலிருந்த மரம் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். ஆதலால் பழைய படகுக் குழிகளுக்கு இன்னும் வாய்ப்புள்ள இடங்கள், ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் மூவார் ஆற்றின் கழிமுகமும் ஜொகூர் ஆற்றுச் சதுப்புக்காடுகளும்தான்.